மோட்டாருக்கு ஒரு கண்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

விஞ்ஞானம் நமக்குப் பல வேலைக்காரர்களைத் தந்திருக்கிறது. அவர்களுள் மின் மோட்டாரைப் போல் சலிக்காமல் உழைப்பவர் வேறு எவரும் இலர். வீட்டில் மாவு அரைப்பதும், மாடித் தொட்டிக்கு நீர் ஏற்றுவதும், ஆலையில் நூல் நூற்பதும், வயலில் கிணற்று நீரை இறைப்பதும் இந்த மோட்டாரே. ஆனால் இந்த வேலைக்காரருக்கு ஒரு பெரிய குறை உண்டு. இவருக்குக் கண் கிடையாது. இரவா பகலா என்று தெரியாது. தொட்டி நிறைந்ததா, கிணறு வற்றியதா என்றும் தெரியாது. ‘போடு’ என்றால் ஓடுவார்; ‘நிறுத்து’ என்று யாராவது சொல்லும்வரை ஓடிக்கொண்டே இருப்பார்.

இந்தக் குருட்டு வேலைக்காரருக்கு இன்று நாம் கண் வைக்கலாம். அந்தக் கண்ணின் விலை ஒரு கோப்பைத் தேநீரின் விலைதான். நானும் ஒன்று செய்து பார்த்தேன். கைதட்டும் பெற்றேன், அதன்பின் தலைகுனியவும் நேர்ந்தது. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, ‘கண் வைத்துவிட்டால் மட்டும் போதுமா?’ என்னும் கேள்விக்கு என் கருத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தாத்தாவின் இரவுகள்

உசிலம்பட்டிப் பக்கத்தில் எங்கள் தாத்தாவுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. ஒரு பாதியில் மல்லிகை. மறுபாதியில் மழையைப் பொறுத்து நெல்லோ காய்கறியோ. மதுரை மல்லிகைக்கு 2013 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது என்று நாம் பெருமை பேசுகிறோம். அந்த மல்லிகை மொட்டு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வந்து சேரும்வரை அதற்காக எத்தனை பேர் தூக்கம் விழிக்கிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பூப் பறிப்பவர்கள் விடியுமுன் எழ வேண்டும். நீர் பாய்ச்சுபவரோ சில நாள் தூங்கவே முடியாது.

தமிழ்நாட்டில் 1990 முதல் உழவர் அனைவருக்கும் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் கிடைக்கிறது. அது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் நான் சிறுமியாக இருந்தபோது மும்முனை மின்சாரம் நாள் முழுவதும் வராது. பகலில் சில மணி, இரவில் சில மணி என்று முறை வைத்து வரும். இரவு ஒரு மணிக்கு மின்சாரம் வந்தால் தாத்தா ஒரு கையில் டார்ச் விளக்கும் மறு கையில் கம்புமாகப் புறப்பட்டுவிடுவார். வரப்பில் கட்டுவிரியன் கிடக்கும். மழைக் காலத்தில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். அவர் திரும்பி வரும்வரை அப்பத்தா திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார்.

இந்தத் தொல்லைக்கு ஊரார் கண்ட வழி ‘ஆட்டோ ஸ்டார்ட்டர்’. மின்சாரம் வந்தவுடன் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும்; போனால் நிற்கும். தாத்தாவும் அதை மாட்டினார். நிம்மதியாக இரண்டு மாதம் தூங்கினார். ஒரு கோடை இரவில் கிணற்றுத் தண்ணீர் ஃபுட் வால்வுக்குக் கீழே இறங்கிவிட்டது. மோட்டார் அதை அறியாது அன்றோ? வெறும் காற்றை இழுத்துக்கொண்டு விடியவிடிய ஓடிச் சூடேறி, காயில் கருகிப் போயிற்று. காயில் கட்டித் திரும்பி வர எட்டு நாள். அதற்குள் மல்லிகை மொட்டெல்லாம் சாவியாய் உதிர்ந்தது. “தூங்குனதுக்குக் கூலி குடுத்தாச்சு” என்று தாத்தா சிரித்தார். அப்பத்தா சிரிக்கவில்லை.

அன்றுதான், ‘இந்த மோட்டாருக்கு ஒரு கண் இருந்தால், பகலில் மட்டும், ஆள் பார்த்திருக்கும்போது மட்டும் ஓடுமே!’ என்று எனக்குத் தோன்றியது.

வெளிச்சத்தைக் காணும் பொத்தான்

இந்தக் கண்ணுக்கு எல்.டி.ஆர். என்று பெயர். ஒளியால் மாறும் மின்தடை என்பது பொருள். சட்டைப் பொத்தான் அளவே இருக்கும். முகத்தில் பாம்பு நெளிவதைப் போல ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு காட்மியம் சல்ஃபைடு என்னும் பொருளால் ஆனது. இருட்டில் அதன் மின்தடை பத்து லட்சம் ஓம் அளவுக்கு ஏறிவிடும். அதாவது மின்சாரத்துக்குக் கதவு அடைத்தாற்போல. நல்ல வெயிலில் அதே மின்தடை சில நூறு ஓம்களாகக் குறைந்துவிடும், கதவு திறந்துவிடும். ஒளி பட்டதும் அப்பொருளில் கட்டுண்டிருந்த எலக்ட்ரான்கள் விடுபட்டு ஓடுவதே இதற்குக் காரணம்.

இந்தக் கண்ணையும் ஒரு சாதாரண மின்தடையையும் வரிசையாக இணைத்து, ஒன்பது வோல்ட் பேட்டரியில் சேர்த்தேன். இரண்டும் சேரும் இடத்திலுள்ள மின்னழுத்தம் வெளிச்சத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். அதை ஒரு டிரான்சிஸ்டருக்குக் கொடுத்தேன். மின்னழுத்தம் ஏறக்குறைய 0.7 வோல்ட் ஆனவுடன் டிரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு ரிலே என்னும் சிறு மின்காந்தச் சுவிட்சை இழுக்கும். ‘டக்’ என்று ஒரு சத்தம், மோட்டார் சுற்றும். கையால் மறைத்தால் மீண்டும் ‘டக்’, மோட்டார் நிற்கும். வயலில் இருக்கும் பெரிய மோட்டாருக்கும் கொள்கை இதுவே. ஆனால் அதன் மின்சாரத்தை இந்தச் சிறு ரிலே தாங்காது. ஸ்டார்ட்டரில் உள்ள கான்டாக்டருக்கு இது கட்டளை மட்டும் கொடுக்கும். அங்கே ஓடுவது 415 வோல்ட். ஆகையால் தோழியரே, அந்த இணைப்பை வேலை தெரிந்த வயர்மேன்தான் கொடுக்க வேண்டும். நாம் தொடவே கூடாது.

1928 பிப்ரவரி 28 இல் சர் சி.வி. இராமன் தம் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பைச் செய்ததை நினைவுகூர்ந்து, 1987 முதல் அந்நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர் ஒளியை ஆராய்ந்த நாளில், ஒளியால் ஓடும் மோட்டாரை நம் பள்ளிக் கண்காட்சியில் வைத்தேன். நெகிழி வாளியிலிருந்து பொம்மை வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. அருட்சகோதரியர் மும்முறை கையால் மறைத்து மறைத்துப் பார்த்து மகிழ்ந்தார்கள். இரண்டாம் பரிசும் கிடைத்தது.

கண்ணிழந்தவர் தந்த கண்

இந்தக் கண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1873 இல் வில்லோபி ஸ்மித் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிப்பதற்காகச் செலினியம் என்னும் தனிமத்தைப் பயன்படுத்தினார். அதன் மின்தடை ஒரு நேரம் இருப்பதுபோல் மறு நேரம் இருக்கவில்லை. வெளிச்சம் பட்டால் குறைகிறது என்று பிறகு தெரிந்தது. நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ், காலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தால் ஒரு கருவி செய்து, 1901 இல் விண்ணப்பித்து, 1904 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். கண்ணுக்குத் தெரியாத மின் அலைகளையும், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது உணர்ந்தது.

ஆனால் என் உள்ளத்தைத் தொட்டவர் ஸ்வீடன் நாட்டு குஸ்டாஃப் டாலேன். அந்நாளில் கடலோரக் கலங்கரை விளக்குகளை மாலைதோறும் ஏற்றவும் காலைதோறும் அணைக்கவும் ஆட்கள் குடும்பத்தோடு தனித்தீவுகளில் கிடந்தார்கள். டாலேன் மின்சாரமே இல்லாமல் ஒரு கண் செய்தார். ஒரு கறுப்புத் தண்டு. அதைச் சுற்றிப் பளபளப்பான தண்டுகள். பகல் வெளிச்சத்தில் கறுப்புத் தண்டு மட்டும் அதிகம் சூடேறி நீளும்; நீண்டு எரிவாயு வால்வை மூடும். பொழுது சாய்ந்தால் சுருங்கும், வாயு திறக்கும், விளக்கு எரியும். இதற்குச் ‘சூரிய வால்வு’ என்று பெயர். 1912 இல் ஒரு சோதனையின்போது வாயு வெடித்து டாலேன் தம் இரு கண்களையும் இழந்தார். அதே ஆண்டில் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. கண் மருத்துவரான அவருடைய சகோதரர் சென்று அதைப் பெற்றுக்கொண்டார். விளக்குகளுக்குக் கண் கொடுத்தவர் தம் கண்ணை இழந்தபின்னும் சோர்ந்துவிடவில்லை. 1937 இல் இறக்கும்வரை உழைத்துக்கொண்டே இருந்தார். அடுப்படியில் பெண்களின் வேலையைக் குறைக்கும் ஓர் அடுப்பையும் 1922 இல் உருவாக்கினார். கருவி எதற்காக? மனிதரின் பாட்டைக் குறைப்பதற்காக. டாலேனின் வாழ்க்கை இதையே நமக்குக் கூறுகிறது.

பேருந்து விளக்கும் மழைமேகமும்

பரிசு பெற்ற மிதப்பில் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசல் திண்ணையில் வைத்தேன். இரவு எட்டு மணிக்கு அது திடீரென்று ‘டக்’ என்று அடித்துச் சுற்றத் தொடங்கியது. தெருமுனையில் பேருந்து திரும்பியிருக்கிறது. அதன் முன்விளக்கு என் கண்ணில் பட்டுவிட்டது! சூரியனுக்கும் பேருந்துக்கும் அதற்கு வேறுபாடு தெரியவில்லை. என் தம்பி ஒரு வாரம் வரை டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு அதைப் பாடாய்ப் படுத்தினான். மாலையில் வேறு தொல்லை. வெளிச்சம் குறையும் வேளையில் மேகம் ஒன்று போகும், வரும். ரிலேயும் ‘டக், டக், டக்’ என்று அடித்துக்கொண்டே இருக்கும். பெரிய மோட்டாரை இப்படி நிமிடத்துக்குப் பத்து முறை போட்டு நிறுத்தினால் அதன் கதி என்னவாகும்? மோட்டார் புறப்படும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அடிக்கடி புறப்பட்டால் காயில் கருகிவிடும்.

அறிவியல் ஆசிரியையிடம் சொன்னேன். மூன்று வழிகள் சொல்லிக் கொடுத்தார்கள். முதலாவது, கண்ணைக் கறுப்புக் குழாய்க்குள் வைத்து வானத்தை நோக்கித் திருப்புவது. தெரு விளக்கும் வண்டி விளக்கும் அதில் விழா. இரண்டாவது, ஒரு மின்தேக்கியைச் சேர்த்துத் தாமதம் உண்டாக்குவது. சில நிமிடம் தொடர்ந்து வெளிச்சம் இருந்தால்தான் நம்ப வேண்டும், சில நிமிடம் தொடர்ந்து இருட்டாக இருந்தால்தான் நிறுத்த வேண்டும். மூன்றாவது, போடுவதற்கு ஓர் அளவும் நிறுத்துவதற்கு அதைவிடக் குறைந்த மற்றோர் அளவும் வைப்பது. அப்போது இரண்டுக்கும் நடுவே மேகம் விளையாட முடியாது. மனிதரும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசிரியை சொன்னார்கள்: ஒரு கணம் கண்ணில் பட்டதை வைத்து உடனே முடிவு செய்துவிடக் கூடாதாம். எங்கள் வகுப்புச் சண்டைகளை மனத்தில் வைத்துத்தான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

பக்கத்துக் கிணறு

மே மாத விடுமுறையில், மோட்டார் வேலை தெரிந்த ஊர் அண்ணன் ஒருவரின் துணையோடு, தாத்தாவின் ஸ்டார்ட்டரில் என் கண்ணைப் பொருத்தினோம். காலையில் வெளிச்சம் வந்ததும் மோட்டார் ஓடியது. மாலையில் நின்றது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் நாளே தாத்தா ஒரு கேள்வி கேட்டார்: “பொழுது விடிஞ்சது இதுக்குத் தெரியுது தாயி. கெணத்துல தண்ணி கெடக்கா இல்லையான்னு தெரியுமா?”

நான் கணக்குப் போட்டேன். எங்கள் கிணறு ஆறு மீட்டர் விட்டம். ஒரு மீட்டர் ஆழத்தில் சுமார் 28,000 லிட்டர் தண்ணீர். மோட்டார் நொடிக்கு ஐந்து லிட்டர் இறைத்தால் மணிக்கு 18,000 லிட்டர். ஆக, ஊற்று ஊறாவிட்டால் ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் ஏறத்தாழ இரண்டு அடி இறங்கும். கோடைப் பகல் பன்னிரண்டு மணி நேரமும் ஓடினால்? கிணறு என்ன ஆகும்? வெளிச்சத்தை மட்டும் பார்க்கும் மோட்டார், கையால் போடும் மோட்டாரைவிட ஆபத்தானது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. உடனே கிணற்றுக்குள் நீர்மட்டம் காட்டும் கம்பிகளை இறக்கினோம். வெளிச்சமும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் ஓடும். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் பக்கத்து வயல் சித்தி வந்தார். கணவர் இல்லாதவர், அரை ஏக்கர் மல்லிகையை நம்பி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். அவர் கிணறு எங்கள் கிணற்றைவிட ஆழம் குறைவு. கையில் வெறும் குடத்தோடு நின்றார். கோபப்படவில்லை. “மூணு நாளா எங் கெணத்துல தண்ணி இல்ல. ஒம் மோட்டாருக்குக் கண்ணு வச்சிருக்கேன்னு ஊரெல்லாம் பேசிக்கிறாக. அந்தக் கண்ணுக்கு எங் கெணறு தெரியலையா தாயி?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. தாத்தா எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

மதுரைச் சமவெளியின் பல பகுதிகளில் மண்ணுக்கடியில் கிடப்பது கடும்பாறை. தண்ணீர் அந்தப் பாறையின் மேலடுக்குச் சிதைவிலும் வெடிப்புகளிலும்தான் தங்கியிருக்கும். ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடும். ஊற்று மெல்லத்தான் ஊறும். எங்கள் கிணறு எங்களுடையது. ஆனால் வெடிப்பில் வரும் தண்ணீர் பக்கத்துக் கிணற்றுக்கும் சொந்தம். என் கருவி வெளிச்சத்தைக் கண்டது. எங்கள் நீர்மட்டத்தையும் கண்டது. சித்தியின் கிணற்றைக் காண அதற்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. குற்றம் கருவியினுடையதா? இல்லை. என்னுடையது.

கலுங்கு சொல்லும் பாடம்

அன்று மாலை தாத்தா என்னைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போனார். கரையின் ஓரத்தில் கலுங்கு இருக்கிறது. கண்மாய் நிறையும்வரை கலுங்கு தண்ணீரைத் தடுத்து நிறுத்தும். நிறைந்ததும் மிச்சத்தைத் தானாக வெளியே விட்டுவிடும். அந்த மிச்சம் வீணாவதில்லை. ஓடை வழியே அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்கு. மின்சாரம் இல்லை, ரிலே இல்லை, ஆள் இல்லை. நம் முன்னோர் கல்லால் செய்த தானியங்கிக் கருவி அது! என் கருவிக்கும் அதற்கும் ஒரு வேறுபாடு. என் கருவி ‘எனக்கு எவ்வளவு கிடைக்கும்?’ என்று மட்டும் பார்த்தது. கலுங்கோ, ‘எனக்கு இவ்வளவு போதும், மிச்சம் அடுத்தவருக்கு’ என்கிறது.

கண்மாய்த் தண்ணீரை வயல்வயலாகப் பங்கிட்டுப் பாய்ச்ச நீர்க்கட்டி என்று ஒருவரை ஊர் நியமித்திருந்தது. தண்ணீர் குறைந்த ஆண்டில் யாருக்கு எத்தனை நாழிகை என்று முறை வைப்பவர் அவரே. கடைமடைக்காரனும் அவரை நம்பினான். கிணறும் மோட்டாரும் வந்தபின் அவரவர் தண்ணீர் அவரவர்க்கு என்றாகிவிட்டது. முறை வைப்பவர் இல்லாமல் போனார்.

மறுநாள் தாத்தாவும் சித்தியும் பேசி ஒரு முறை வைத்தார்கள். எங்கள் மோட்டார் காலையில் மூன்று மணி நேரம் மட்டும். அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். என் கருவியில் நேரம் கணக்கிடும் ஒரு பகுதியையும் சேர்த்தோம். மல்லிகைக்குச் சொட்டு நீர்க் குழாய் போடவும் தாத்தா விண்ணப்பித்தார். பத்து நாளில் சித்தியின் கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

சூரிய மோட்டார் வரும் காலம்

இப்போது கிராமங்களில் சூரிய பம்புசெட்டுகள் வருகின்றன. 2019 இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் கீழ், வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியத்தில் அவை கிடைக்கின்றன. ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்குச் சுமார் 4,800 வாட் சூரியத் தகடுகள் வேண்டும். அங்கே தனியாகக் கண் வைக்கத் தேவையில்லை. தகடே கண், தகடே மின்சாரம். வெயில் ஏறினால் வேகமாக ஓடும், மேகம் வந்தால் மெதுவாகும், மாலையில் நிற்கும். சில தகடுகளில் இரண்டு ஒளி உணரிகளை வைத்து நடுவே ஒரு தடுப்பு வைத்திருப்பார்கள். ஒன்றில் நிழல் விழுந்தால் ஒரு சிறு மோட்டார் தகட்டைத் திருப்பும். இரண்டிலும் ஒரே அளவு வெளிச்சம் விழும்போது நிற்கும். இளம் சூரியகாந்திச் செடி சூரியனைத் தொடர்வதுபோல் தகடும் கிழக்கிலிருந்து மேற்கே திரும்பும்.

இரவில் வரப்பில் நடக்க வேண்டாம்; நிலக்கரி எரிக்க வேண்டாம். எவ்வளவு நல்ல காரியம்! ஐந்து குதிரைத்திறன் மோட்டார் எட்டு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 30 யூனிட் மின்சாரம் மிச்சம். ஆயினும் என் அனுபவம் எனக்கு ஓர் எச்சரிக்கை தருகிறது. வெயில் அடிக்கும்வரை ஓடும், காசும் இல்லை என்றால், ‘ஓடட்டுமே’ என்றுதான் மனம் சொல்லும். ‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு.’ ஆகவே சூரிய மோட்டார் கொடுக்கும்போதே நீர்மட்டக் கருவியும், சொட்டு நீர்ப் பாசனமும், பக்கத்துக் கிணற்றுக்காரரோடு ஒரு முறையும் சேர்ந்து வர வேண்டும் என்பது என் கருத்து.

வேலை போகுமே என்றால்?

‘எல்லாம் தானாக நடந்தால் ஆட்களுக்கு வேலை போய்விடுமே’ என்று சிலர் கேட்கிறார்கள். இது தள்ளிவிடக் கூடிய கேள்வி அன்று. எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக்குக் காலையும் மாலையும் மோட்டார் போடுகிற ஆபரேட்டர் மாமா இருக்கிறார். சொற்பச் சம்பளம்தான். அந்த இடத்தில் பத்து ரூபாய்க் கண்ணை வைத்துவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினால் அவர் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஆனால் அவர் செய்வது சுவிட்சு போடுவது மட்டுமா? குழாய் உடைந்தால் கண்டுபிடிப்பவர் அவர். தொட்டியைக் கழுவுபவர் அவர். குளோரின் கலப்பவர் அவர். ‘மேலத் தெருவுக்கு மூன்று நாளாகத் தண்ணீர் ஏறவில்லை’ என்று அறிந்து வால்வைத் திருப்பி விடுபவரும் அவர். சுவிட்சு போடும் வேலையைக் கருவி எடுத்துக்கொள்ளட்டும். மற்ற வேலைகளுக்கு அவருக்கு நேரமும் நல்ல சம்பளமும் கிடைக்கட்டும். கருவி வந்ததால் மிச்சமாகும் பணத்தில் முதல் பங்கு, அந்த வேலையை இதுவரை செய்தவருக்கே என்று வைத்தால் ஒருவரும் கருவியைக் கண்டு அஞ்சமாட்டார்.

பெண்பிள்ளைக்கு எதற்கு?

நான் ஈயம் பற்றவைத்துக் கொண்டிருந்தபோது உறவினர் ஒருவர், “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா கரண்டு வேலை?” என்று கேட்டார். அப்பா பதில் சொல்லுமுன் அப்பத்தா சொன்னார்: “ராத்திரியெல்லாம் திண்ணையில முழிச்சுக் கெடந்தது பொம்பளதான? வழி கண்டுபிடிக்கிறதும் பொம்பளையா இருக்கட்டும்.”

பெற்றோர்களே! தண்ணீர் இல்லாவிட்டால் குடம் தூக்குபவள் பெண். மோட்டார் பழுதானால் காத்திருப்பவள் பெண். ஆனால் மோட்டார் அறைக்குள் பெண்கள் நுழைவதில்லை. உங்கள் மகளுக்கு ஃபியூஸ் போடவும், மீட்டர் பார்க்கவும், சிறு மின்சுற்று அமைக்கவும் பழக்குங்கள். தையலும் சமையலும் கற்பதுபோல் இதுவும் கற்கத் தக்கதே. நம் பள்ளி ஆய்வகத்தில் வாரம் ஒரு மணி இதற்கு ஒதுக்கினால் எங்களைப் போன்றோர் பெரிதும் மகிழ்வோம் என்று அருட்சகோதரியரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு: எல்.டி.ஆரில் உள்ள காட்மியம் நச்சுப் பொருள். பழுதானதைக் குப்பையில் போடவோ உடைக்கவோ கூடாது. தனியே சேர்த்து வைத்து மின்னணுக் கழிவோடு கொடுக்க வேண்டும்.

முடிவாக

தானாக இயங்கும் கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாத்தா இரவில் தூங்க வேண்டும். அப்பத்தா திண்ணையை விட்டு உள்ளே போய்ப் படுக்க வேண்டும். அதற்குக் கருவி வேண்டும். ஆனால் கருவி எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்பவர் நாம். நாம் நம் வெளிச்சத்தையும் நம் தண்ணீரையும் மட்டும் பார்க்கச் சொன்னால் அது அவ்வளவுதான் பார்க்கும். கருவியைப் பொருத்துமுன், ‘இதனால் யாருக்குக் குறையும்?’ என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் நல்லது. அந்தக் கேள்வியைக் கருவி கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும்.

இவ்வாண்டு கண்காட்சியிலும் என் மோட்டாரை வைக்கப் போகிறேன். சென்ற ஆண்டு ஒரு வாளி வைத்திருந்தேன். இந்த ஆண்டு இரண்டு வாளிகள் வைத்து, அடியில் ஒரு குழாயால் இணைத்திருக்கிறேன். ஒன்றில் இறைத்தால் மற்றொன்றிலும் குறையும். அருட்சகோதரியரும் பெற்றோரும் தோழியரும் வந்து கையால் மறைத்துப் பாருங்கள். அப்படியே அந்த இரண்டாவது வாளியையும் ஒருமுறை பார்த்துச் செல்லுங்கள்.